தண்ணீர் எங்கிருந்து?

மகள் வீடு கிழக்கு லண்டனில், லீ ஆற்றுக்குப் பக்கத்தில். பேத்தி பிறந்ததற்காக நானும் மனைவியும் வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவது, மகளுக்குப் பத்தியச் சமையல் எல்லாம் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மதியத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப்போவது என் வேலை. ஆற்றோரப் பாதையில் வண்டி அதிகம் ஆடாது. குழந்தையும் தூங்கிவிடும்.

முதல் வாரம் அப்படிப் போனபோது தலைக்கு மேலே ஒரு மேம்பாலம் வந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். “அது போ மேம்பாலம்ப்பா. அந்தக் காலத்துல போ பாலம்னு ஒரு பழைய பாலம் இருந்த இடம்” என்றாள் மகள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. போ பாலத்தை நான் பார்த்ததில்லையே தவிர, பல வருடங்களாகத் தெரியும். 1866-ல் லண்டனில் காலரா பரவிய கதையில் அந்தப் பாலம் வருகிறது. ஆனால் பாலத்துக்கு வருவதற்கு முன்னால் ஓர் ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சுகாதார ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். பணியில் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும்போது, ஒரு பேரூராட்சியில் பேதி கண்டது. ஒரு வாரத்தில் நாற்பதுக்கு மேல் ஆட்கள். லைன் லிஸ்ட் போட்டேன்: பெயர், வயது, வார்டு, எப்போது ஆரம்பித்தது, எங்கே சிகிச்சை. வார்டு வாரியாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லா வார்டிலும் நாலு பேர், ஆறு பேர். மேலே கேட்டவர்களுக்கு ‘பரவலாக உள்ளது’ என்று எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, எங்களோடு வீடு வீடாக வந்த கிராம சுகாதார செவிலியர் அக்காதான் கேட்டார்: “சார், இவங்களுக்கெல்லாம் எந்தத் தொட்டித் தண்ணி?” பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து ‘தண்ணீர் எங்கிருந்து?’ என்று ஒரு கலம் போட்டு, அத்தனை வீட்டுக்கும் மறுபடி போனோம். முப்பத்தேழு வீடு ஒரே மேல்நிலைத் தொட்டியின் லைன். அந்த லைன் பல வார்டுக்குள் புகுந்து போகிறது. சாக்கடைக்கு அடியில் போன ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

வார்டு என்பது தேர்தலுக்கும் வரிக்கும் போட்ட கோடு. நோய்க்கு அந்தக் கோடு தெரியாது. இதைப் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொல்வதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், நீராவி ரயில் ஓடிய லண்டனில், இதே சிக்கலில் மாட்டி, இதே போல ஒரு கலம் சேர்த்து வெளியே வந்த மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் வில்லியம் ஃபார்.

இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. லண்டனில் சாமர்செட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் தலைமைப் பதிவாளர் அலுவலகம். நாடு முழுவதையும் பதிவு மாவட்டங்கள், அவற்றுக்குள் உட்பிரிவுகள் என்று பிரித்து, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு பதிவாளரை வைத்தார்கள். இந்த அலுவலகத்தில் 1839 வாக்கில் ஃபார் வந்து சேர்ந்தார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, பாரிஸ் வரை போய் மருத்துவம் படித்தவர். நாற்பது வருடம் போல அங்கேயே இருந்தார். என்ன நோயால் இறந்தார் என்பதை ஆளுக்கொரு பெயரில் எழுதினால் கூட்டவே முடியாது என்று, நோய்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். 1840 முதல் லண்டனின் இறப்புக் கணக்கு வாராவாரம் அச்சாகி வந்தது. கணினியும் தொலைபேசியும் இல்லாத ஊரில் வாராவாரம்! தாலுகாவிலிருந்து மாத அறிக்கை வாங்குவதற்கே எத்தனை நினைவூட்டல் கடிதம் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஏட்டில் ஒரு வரியில் என்ன இருக்கும்? இறந்தவர் பெயர், வயது, தொழில், எந்த வீட்டில், என்ன காரணம். காலரா என்றால் எத்தனை நேரம் நோயில் கிடந்தார் என்பதும் இருக்கும். மற்ற நோய்களுக்கு நாள் கணக்கு, வாரக் கணக்கு. காலராவுக்கு மணிக் கணக்கு. காலையில் வேலைக்குப் போன கூலிக்காரர், மறுநாள் விடிவதற்குள் இல்லை. நம் ஊரில் பாட்டிமார் ‘பேதி வந்துட்டா பொழுது விடியாது’ என்று சொன்னதை அந்த ஏடு ஒரு எண்ணாக எழுதி வைத்திருக்கிறது.

1848-49 கொள்ளைநோயில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் காலராவில் இறந்தார்கள். ஃபார் அந்தச் சாவுகளை எல்லாம் மாவட்டவாரியாகப் போட்டு, எதோடு ஒத்துப்போகிறது என்று தேடினார். வீட்டு வாடகை, ஏழ்மை, ஜன நெருக்கம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்று அச்சாகப் பொருந்தியது: தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பது. ஆற்றை ஒட்டி 20 அடிக்குக் கீழே இருந்த மாவட்டங்களில் பத்தாயிரத்துக்கு 102 பேர் சாவு. மேலே ஏற ஏறக் குறைந்துகொண்டே போய், ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் பத்துக்கும் கீழே. அழுகல் நாற்றம் கலந்த காற்றுதான் நோய் தருகிறது என்று அப்போது பெரும்பாலோர் நம்பினார்கள், ஃபாரும் நம்பினார். பள்ளத்தில் கெட்ட காற்று தங்கும், மேட்டில் கலைந்துவிடும். கணக்கும் அதையே சொல்லியது. 1852-ல் அறிக்கையாக வெளியிட்டார்.

அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒரு எண்கூட அதில் தவறில்லை. முடிவு மட்டும் தவறு. பள்ளத்தில் இருந்தவர்கள்தான் கீழ் தேம்ஸின் சாக்கடைத் தண்ணீரைக் குடித்தார்கள். உயரம் என்பது தண்ணீரின் நிழல். மாவட்டம் என்ற அளவில் நின்று பார்த்தால் அந்த நிழல்தான் தெரியும்.

தண்ணீர்தான் காரணம் என்று 1849-லேயே எழுதியவர் ஜான் ஸ்னோ. மயக்க மருந்து கொடுப்பதில் பேர் வாங்கிய டாக்டர். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. நிரூபிக்க ஒரு வாய்ப்பு 1854-ல் வந்தது, தெற்கு லண்டனில்.

அங்கே இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விற்றன. சவுத்வார்க் அண்டு வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துக்குள்ளேயே, சாக்கடை கலந்த தேம்ஸில் தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-ல் தன் இறைப்பிடத்தை மேலே தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியிருந்தது, லண்டன் சாக்கடை எட்டாத இடத்துக்கு. முன்பு இரண்டும் போட்டி போட்டுக் குழாய் பதித்த பகுதிகளில் ஒரே தெருவில் இந்த வீட்டுக்கு இவர்கள் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு அவர்கள் தண்ணீர். அதே காற்று, அதே உயரம், அதே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு. மாவட்டக் கணக்கு இங்கே ஒன்றுமே சொல்லாது. எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினால்தான் உண்டு.

ஃபாரின் அலுவலகம் இறந்தவர்களின் முகவரிகளைக் கொடுத்தது. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். தன்னுடைய கொள்கைக்கு நேர் எதிராகப் பேசும் ஒரு மனிதருக்கு, அவர் கேட்ட விவரத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். இன்றைக்கு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் பட்டியல் வாங்கப் படும் பாடு, களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஸ்னோ தெருத் தெருவாகப் போனார். போனால், பலருக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள், தண்ணீர் வரியை வீட்டுக்காரர் எங்கேயோ இருந்து கட்டுகிறார். அங்கேதான் அவர் ஒரு சின்ன வேலை செய்தார். ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டார். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். தேம்ஸ் டிட்டன் தண்ணீரில் ஒரு காலனுக்கு ஒரு கிரெயின் (அந்தக் காலத்துச் சின்ன எடை அளவு) உப்புகூட இல்லை. சவுத்வார்க் தண்ணீரில் 37.9 கிரெயின். கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீரில் குளோரின் பார்க்கிற சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று எத்தனையோ விடியற்காலையில் தெருக்குழாயடியில் நின்று வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தவன் நான். அந்தக் குப்பிக்குள் பால்போலத் திரிந்ததை ஸ்னோ பார்த்த கணம் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆகஸ்ட் 5 வரையிலான முதல் நான்கு வாரத்தில் 334 சாவு. அதில் 286 பேர் சவுத்வார்க் கம்பெனி வீடுகள். லாம்பெத் வீடுகளில் 14 பேர்தான். இதைக் காட்டியதும் ஃபார் செய்த காரியத்தைத்தான் நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆகஸ்ட் 26-க்குப் பிறகு தெற்கு மாவட்டங்களின் பதிவாளர்கள் எல்லாரும், காலரா சாவு ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்பதையும் கேட்டு எழுத வேண்டும் என்று உத்தரவு போட வைத்தார். ஏட்டில் ஒரு கேள்வி கூடியது. தண்ணீர் எங்கிருந்து?

ஏழு வாரக் கணக்கில், பத்தாயிரம் வீட்டுக்கு சவுத்வார்க் கம்பெனியில் 315 சாவு, லாம்பெத்தில் 37, மீதி லண்டனில் 59.

அதே ஆகஸ்ட் கடைசியில்தான் லண்டனின் சோஹோ பகுதியில் பிராட் தெருக் கதை. அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்தத் தெருப் பம்பின் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று ஸ்னோ சொன்னதும், அதன் கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பர் 8-ல். அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது. அங்கேயும் ஸ்னோ பட்டியல் கேட்டுப் போனது தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். மூன்று உட்பிரிவுகளின் ஒரு வாரச் சாவுப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து 83 பேரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வேறு பம்புக்கு அருகில் இருந்த வீடுகளில் பத்துச் சாவு மட்டுமே. அந்தப் பத்திலும் ஐந்து குடும்பங்கள் எப்போதும் பிராட் தெருவுக்கே ஆளனுப்பித் தண்ணீர் எடுத்தவை; மூன்று பிள்ளைகள் அந்தப் பம்புக்குப் பக்கத்துப் பள்ளியில் படித்தவர்கள். மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கைப்பிடி இல்லாத பம்பு ஒன்றை நினைவாக நட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோ சொல்வது தவறென்று காட்டத்தான் விசாரிக்க ஆரம்பித்தார். விசாரித்து விசாரித்து, பம்பை ஒட்டிய 40-ம் எண் வீட்டில் முதலில் நோய்கண்ட கைக்குழந்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தக் குழந்தையின் துணியை அலசிய தண்ணீர் ஊற்றப்பட்ட மலக்குழி, கிணற்றிலிருந்து மூன்று அடிகூட இல்லை. அந்தத் தாய் துணி அலசிய வாளியை நினைத்துக்கொண்டு பம்படியில் நின்றேன். எங்கள் வீட்டிலும் இப்போது தினமும் அந்த வேலைதான் நடக்கிறது.

ஸ்னோ 1858-ல், 45 வயதில் இறந்துபோனார். தான் சொன்னதை உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்க்கவில்லை.

இப்போது போ பாலத்துக்கு வரலாம். 1866-ல் காலரா திரும்ப வந்தது. பாசல்கெட் என்ற பொறியாளர் கட்டிய பெரிய சாக்கடைகளால் லண்டனின் பெரும்பகுதி தப்பித்தது. கிழக்கில் மட்டும் வேலை முடியவில்லை. அங்கே ஆபி மில்ஸ் என்ற சாக்கடை இறைப்பு நிலையம் 1868-ல்தான் ஓடத் தொடங்கியது. ஜூலையில் வாராந்திர அட்டவணை திடீரென்று ஏறியது. ஆகஸ்ட் முதல் வார இறுதியில் லண்டன் காலராச் சாவு வாரத்துக்கு ஆயிரத்தைத் தாண்டியது, பெரும்பாலும் கிழக்கு மாவட்டங்களில். இந்தத் தடவை ஃபார் உயரத்தைத் தேடவில்லை. சாவு நடந்த இடங்களை எடுத்துத் தண்ணீர்க் கம்பெனிகளின் எல்லையோடு வைத்துப் பார்த்தார். ஈஸ்ட் லண்டன் வாட்டர்வொர்க்ஸ் கம்பெனி, அதிலும் ஓல்டு ஃபோர்டு நீர்த்தேக்கத்திலிருந்து போன குழாய்கள்.

கம்பெனியின் பொறியாளர் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: வடிகட்டாத தண்ணீர் ஒரு துளிகூட நாங்கள் கொடுக்கவில்லை என்று. தண்ணீரை வடிகட்டித் தர வேண்டும், நகரத்துக்குள் தேக்கங்களை மூடி வைக்க வேண்டும் என்று 1852 முதலே சட்டம் இருந்தது. ஆனால் விசாரணைக்கு வந்த நெட்டன் ராட்கிளிஃப் என்ற மருத்துவரிடம், வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். வடிகட்டிய தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? திறந்த குளத்துத் தண்ணீரைக் கம்பெனி இடையிடையே உள்ளே விட்டது வெளியே வந்தது.

ராட்கிளிஃப் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி முதல் சாவுகளைத் தேடினார். பிராம்லியில், பிரையரி தெரு, 12-ம் எண். ஹெட்ஜஸ் என்ற கூலித் தொழிலாளி, அவர் மனைவி. இரண்டு பேரும் ஜூன் 27-ல் இறந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் கழிப்பறை போய் விழுந்த இடம் போ பாலத்தடியில், லீ ஆற்றில். அங்கிருந்து அரை மைல் மேலே ஓல்டு ஃபோர்டு தேக்கம். கடலேற்றம் வரும்போது ஆறு மேல்நோக்கித் திரும்பும். இந்த விசாரணைக்கு உதவியவர்களில் ஒருவர், பிராட் தெருக் குழந்தையைக் கண்டுபிடித்த அதே வைட்ஹெட்.

அந்த வருடம் லண்டனில் 5,596 பேர் இறந்தார்கள். 1868-ல் வந்த அறிக்கையில் ஃபார் எழுதியதன் சாரம் இது: காற்றைக் கம்பெனிகள் விற்பதில்லை, அதனால் காற்றின் பக்கம் பேச யாரும் இல்லை, பழியெல்லாம் அதன்மேல் விழுந்தது, தண்ணீருக்குப் பரிந்து பேச மட்டும் பணமும் சாட்சிகளும் நிறைய. பதினாறு வருடத்துக்கு முன் காற்றைக் குற்றவாளியாக்கிய அதே கை எழுதியது இது. தன் கணக்கு தன்னையே திருத்த இடம்கொடுத்த மனிதர் என்பதால்தான் எனக்கு ஃபார்மேல் இவ்வளவு மரியாதை.

அந்த ஏட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. செத்தவர்களை மட்டுமே அது எண்ணியது. படுக்கையில் கிடப்பவர்களை டாக்டர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1889-ல்தான் வந்தது, லண்டனுக்குக் கட்டாயமாக. நாடு முழுக்க ஆக இன்னும் பத்து வருடம். தெரிவிக்கும் டாக்டருக்கு, அவர் தனியாக வைத்தியம் பார்த்த ஒரு நோயாளிக்கு இரண்டரை ஷில்லிங் கொடுத்தார்கள்.

நேற்று மதியம் மேம்பாலத்தடியிலிருந்து ஓல்டு ஃபோர்டு பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போயும் கால் மணி நேரம் ஆகவில்லை. அந்தப் பதிவாளர் ‘பிராம்லி’ என்று மட்டும் எழுதிவிட்டு வீட்டு எண்ணை விட்டிருந்தால், இந்தக் கால் மணி நேரத் தூரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும், ஊரில் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு லைன் லிஸ்ட் அனுப்பியிருந்தார். மழைக்குப் பிறகு ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு, பத்தொன்பது பேர். கடைசிக் கலத்தில் தொட்டியின் பெயர் இருந்தது. இரண்டு வரியில் மட்டும் கதவு எண் இல்லை. அவரைக் கூப்பிட்டு, போய்க் கேட்டு எழுதிவிடுங்கள் என்றேன். சாயங்காலமே போகிறேன் சார் என்றார்.